தகரக் கூரை வீட்டில் குளிர்காலம்: பெரிய ஹீட்டர் வாங்கினால் போதுமா?

டிசம்பர் 2, இரவு 9.10 (வாசகர் கேள்வி)

கோயம்புத்தூரிலிருந்து சென்ற மாதம் உதகைக்கு மாறி, காந்தல் பகுதியில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். படுக்கையறைக்கு மேலே சீலிங் இல்லை. தகரக் கூரை நேராகக் கண்ணுக்குத் தெரிகிறது. அப்பாவுக்கு 74 வயது. அவருக்காக 2000 வாட் விசிறி ஹீட்டர் ஒன்று வாங்கினேன். ஓடும் வரை அறை பரவாயில்லை. நிறுத்திய கால் மணி நேரத்தில் பழையபடி சில்லிட்டுப் போகிறது. இதைவிடப் பெரிய ஹீட்டர் வாங்க வேண்டுமா? வீட்டு உரிமையாளர், "இரவில் கரி அடுப்பை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், இங்கே எல்லாரும் அப்படித்தான்" என்கிறார். செய்யலாமா?

டிசம்பர் 2, இரவு 10.25

இரண்டாவது கேள்விக்கே முதலில் பதில், ஏனென்றால் அது இன்றிரவே தேவைப்படுவது: செய்யாதீர்கள்.

எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்வதால், அறைக் காற்றில் மிகச் சிறிய அளவு கலந்தாலே உடலுக்குப் போய்ச் சேர வேண்டிய ஆக்சிஜன் குறையத் தொடங்கிவிடும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல், கால் தளர்ச்சி என்று ஏதாவது அறிகுறியாவது தெரியும். உறங்குபவருக்கு அதுவும் தெரியாது. கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் குளிர்காலங்களில் திரும்பத் திரும்ப வந்துகொண்டுதான் இருக்கிறது. அவர்களில் பலர் உங்களைப் போலச் சமவெளியிலிருந்து வந்தவர்கள்.

இங்கே உலவும் இரண்டு நம்பிக்கைகளையும் சேர்த்தே மறுத்துவிடுகிறேன். "புகை அடங்கி, கரி சிவந்த பிறகு உள்ளே எடுத்து வந்தால் ஆபத்தில்லை" என்பார்கள். சாம்பல் மூடி, காற்று போதாமல் கனன்றுகொண்டிருக்கும் கரிதான் இந்த வாயுவை அதிகம் உண்டாக்குகிறது. "பக்கத்தில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்தால் நச்சை இழுத்துக்கொள்ளும்" என்பார்கள். இந்த வாயு தண்ணீரில் கரைவதே மிகக் குறைவு.

ஹீட்டர் கணக்கை நாளை எழுதுகிறேன்.

டிசம்பர் 3, காலை

பெரிய ஹீட்டர் வேண்டாம். அறை எங்கே வெப்பத்தை இழக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 12 அடிக்கு 12 அடி, 9 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுவர்கள் வெளிப்புறச் சுவர்கள், ஒரு சாதாரண கண்ணாடி ஜன்னல். வெளியே 5 டிகிரி, உள்ளே 17 டிகிரி வேண்டும், அதாவது 12 டிகிரி வேறுபாடு.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 450 வாட் வெளியே விடும். ஜன்னல் 100 வாட். கூரையும் சுவரும் சேரும் இடத்திலும், கதவுக்கு அடியிலும் காற்று தாராளமாக நுழைந்து வெளியேறும் பழைய வீடு என்றால், அதற்கு 400 முதல் 500 வாட். சீலிங் இல்லாத தகரக் கூரை மட்டும் கிட்டத்தட்ட 1000 வாட். எல்லாம் கூட்டினால் 2000 வாட் வந்துவிடுகிறது. உங்கள் ஹீட்டர் கொடுப்பதை அப்படியே வீடு வெளியே அனுப்புகிறது. சேமிப்பு என்று எதுவும் இல்லாததால்தான் நிறுத்தியவுடன் குளிர்கிறது.

இப்போது கூரைக்குக் கீழே ஒரு சீலிங் அடித்து, அதன் மேல் 50 மில்லிமீட்டர் ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த, வெப்பம் தடுக்கும் பஞ்சு) பரப்பினால், கூரை வழியாகப் போகும் 1000 வாட் சுமார் 100 வாட்டாகக் குறையும். இடுக்குகளையும் அடைத்தால் மொத்த இழப்பு 800 வாட் அளவுக்கு வந்துவிடும். அதே 2000 வாட் ஹீட்டர் பாதி நேரத்துக்கும் குறைவாக ஓடினாலே போதும். நான் திருமணமான புதிதில் இருந்த பெர்ன்ஹில் வாடகை வீட்டிலும் இதே தகரம்தான். அங்கே ஹீட்டருக்குக் கொடுத்த மின்கட்டணத்தில் பெரும்பங்கு வானத்தைச் சூடாக்கத்தான் போனது.

டிசம்பர் 3, மதியம்

ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். பழைய வீடுகளின் சிறிய 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகவே கூடாது. தனி வயர் இழுத்த 16 ஆம்பியர் பிளக் தேவை. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி, அதன் வயரைக் கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைக்கும் வழக்கம் எங்கள் உறவினர் வீடுகளிலேயே உண்டு. வயரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

டிசம்பர் 5

"இடுக்கு எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஊதுபத்தி போதும். காற்று வீசும் மாலையில் எல்லாக் கதவு ஜன்னல்களையும் சாத்திவிட்டு, ஏற்றிய ஊதுபத்தியைச் சட்டங்களின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக எழாமல் எங்கே உள்நோக்கிச் சாய்கிறதோ, எங்கே வெளியே இழுக்கப்படுகிறதோ, அங்கே சாக்கட்டியால் ஒரு குறி. பெரும்பாலான வீடுகளில் ஜன்னலைவிடக் கதவின் அடிப்பகுதியும், சுவரின் உச்சியில் தகரத்தின் அலைகளுக்கு நடுவே விடப்பட்ட பொந்துகளும்தான் அதிகம் குறி வாங்கும்.

கதவுக்கு அடியில் பழைய புடவையைக் குழல்போலத் தைத்து மணல் நிரப்பி வைத்தால் செலவே இல்லை. ஜன்னல் சட்டத்துக்குக் கடைகளில் கிடைக்கும் ஒட்டும் ஸ்பாஞ்சு நாடா ஒரு குளிர்காலத்துக்குத் தாங்கும். ரப்பர் நாடா இன்னும் நாள் வரும். திரைச்சீலை கனமாகவும் தரையைத் தொடும்படியும் இருக்கட்டும். வெயில் இறங்கியவுடன் இழுத்துவிடுங்கள், இருட்டும் வரை காத்திருக்காதீர்கள். சிவப்பு ஆக்சைடு தரை பார்க்க அழகு, பாதத்துக்குப் பகை. கயிற்றுப்பாயின் மேல் ஒரு ஜமுக்காளம் விரித்தால் பெரியவர் காலை எழுந்தவுடன் நடுங்க மாட்டார்.

உங்கள் கூரை தகரமா, ஆஸ்பெஸ்டாஸ் தகடா என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஆணி, துளை எல்லாம். ஆஸ்பெஸ்டாஸைத் துளையிட்டால் எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு.

டிசம்பர் 6

கோத்தகிரி வாசகர் ஒருவர், "எங்கள் பாட்டி காலத்தில் ராக்வூலும் இல்லை, ஹீட்டரும் இல்லை, எல்லாரும் நன்றாகத்தானே இருந்தார்கள்" என்று எழுதியிருக்கிறார். நன்றாக இருந்தார்கள் என்பது உண்மை. காரணம் அவர்கள் வீடு கட்டிய விதத்தில் இருந்தது.

ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களில் பழைய வீடுகள் வரிசையாக, பக்கச் சுவர் பொதுவாக இருக்கும்படி ஒட்டிக் கட்டப்பட்டவை. நடுவீட்டுக்கு வெளிச்சுவர் முன்னும் பின்னும் மட்டுமே. இரண்டு பக்கமும் அண்டை வீட்டின் அடுப்புச் சூடு. தோடர்களின் பழைய வீடு இன்னும் கெட்டி. மூங்கிலும் பிரம்பும் வளைத்து, தடித்த புல் வேய்ந்த அரைப் பீப்பாய் வடிவம், ஜன்னல் கிடையாது, தவழ்ந்து நுழைய வேண்டிய, ஏறத்தாழ மூன்றடி உயர வாசல் ஒன்றே ஒன்று. உள்ளே இருக்கும் காற்று குறைவு, வெளியேறும் பரப்பு குறைவு, வாசல் சிறிது. நான் மேலே வாட் கணக்கில் எழுதியதை அவர்கள் கட்டடமாகவே எழுதிவைத்திருந்தார்கள். ஆனால் அதே வீட்டுக்குள் அடுப்பும் எரிந்தது. அந்தப் புகைக்குக் கண்ணும் நெஞ்சும் கொடுத்த விலையைப் பாட்டிகள் நம்மிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆங்கிலேயர் வந்து கட்டிய பங்களாக்கள் இதற்கு நேர் எதிர்: 14 அடி உயரக் கூரை, பெரிய ஜன்னல்கள், அறைக்கு ஒரு கணப்பு. விருந்தினர் விடுதியாக மாறிய அப்படிப்பட்ட ஒரு பங்களாவில் என் மாமா பல ஆண்டுகள் காப்பாளராக இருந்தார். தீ எரியும்போது முகம் வேகும், முதுகு விறைக்கும். திறந்த கணப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். போகும்போது அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும், அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியே குளிர்காற்று வரும். படத்தில் பார்க்க அழகான ஏற்பாடு.

டிசம்பர் 7

"சீலிங் ஃபேனை எதிர்ப்பக்கம் சுழலவிட்டால் மேலே தேங்கிய சூடான காற்று கீழே வரும்" என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். அறிவியல்படி சரி. உதகையில் சீலிங் ஃபேன் உள்ள வீட்டை அவர் முதலில் கண்டுபிடித்துத் தரட்டும். வீடு பார்க்க வருபவர் ஃபேன் மாட்டும் கொக்கி எங்கே என்று கேட்டால் முன்பணத்தைக் கூட்டிச் சொல்லும் உரிமையாளர்கள் இங்கே இருக்கிறார்கள்.

டிசம்பர் 9

5-ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு, குன்னூர் வாசகர் ஒருவர் வீட்டின் ஒவ்வோர் இடுக்கையும், சமையலறைக் காற்றுத் துளையையும் சேர்த்து, ஒட்டுநாடாவால் அடைத்துவிட்டதாகவும், இப்போது ஜன்னலில் தண்ணீர் வழிகிறது, மூலைகளில் கரும்பூஞ்சை பிடிக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். அடைக்கச் சொன்னதோடு திறக்க வேண்டியதையும் சொல்லியாக வேண்டும்.

வீட்டுக்குள் ஈரம் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. மூச்சு, குளியல், சமையல், உள்ளே உலரப் போட்ட துணி. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் மட்டும் ஏறத்தாழ 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் சேரும். 18 டிகிரியில் 70 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்று, 12 டிகிரிப் பக்கம் குளிர்ந்த எதைத் தொட்டாலும் தண்ணீராகும். இரவில் ஜன்னல் கண்ணாடி அதைவிடக் குளிர்ந்திருக்கும், தகரக் கூரை கேட்கவே வேண்டாம். வெளிச்சுவரோடு ஒட்டி வைத்த பீரோவுக்குப் பின்னால் காற்றோட்டமும் இல்லை, சூடும் இல்லை. என் அத்தையின் கல்யாணப் பட்டுப்புடவை அப்படியொரு பீரோவில்தான் பூஞ்சை பிடித்தது. பீரோவை உட்சுவருக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள்.

ஆகவே, நாம் தேர்ந்தெடுக்காத இடுக்குகளை அடைக்க வேண்டும். நாம் தேர்ந்தெடுத்த திறப்புகளை வைத்துக்கொள்ள வேண்டும். சமையலறையிலும் குளியலறையிலும் வெளியேற்றும் மின்விசிறி அவசியம். அடுப்பு எரியும் அறையின் காற்றுத் துளையை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. வெயில் ஏறிய பிறகு, பதினொரு மணி வாக்கில், எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் முழுவதும் திறந்துவிட்டுச் சாத்துங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் போவது காற்றின் சூடு மட்டுமே. சுவரிலும் தரையிலும் சேர்ந்த சூடு நிற்கும். நாள் முழுவதும் ஒரு ஜன்னலை விரற்கடை திறந்து வைப்பதைவிட இது மேல்.

குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் இதை இருமுறை படிக்கவும். கரி அடுப்பில் உள்ள அதே வாயு அங்கேயும் உண்டு. கீசரை வெளிச்சுவரில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவதுதான் முறை.

டிசம்பர் 14

மூன்று நாட்களாக மேகமே இல்லை, புல்வெளிகள் வெள்ளையாகிவிட்டன. இந்தச் சமயத்தில் ஒரு தவறான கருத்தைக் களைவது நல்லது. கேள்வி கேட்டவரிடம் யாரோ, "மேட்டில் வீடு பார்த்தால் இன்னும் குளிரும், பள்ளத்தில் இருப்பதே நல்லது" என்று சொல்லியிருக்கிறார்கள். காற்றில்லாத தெளிந்த இரவில் நடப்பது இதற்கு மாறானது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்களில் உறைபனி முதலில் விழுகிறது. சரிவின் நடுவில் உள்ள வீடுகளில் அதே இரவில் சில டிகிரி கூடுதலாக இருக்கும். காற்றின் வெப்பநிலை 2, 3 டிகிரியாக இருக்கும்போதே புல் உறைவதற்குக் காரணம், தெளிந்த வானத்தை நோக்கி அது தன் வெப்பத்தை வீசிவிடுவது. உங்கள் தகரக் கூரையும் இரவெல்லாம் அதையே செய்கிறது. மேகமூட்டமான இரவில் அதே வீடு அவ்வளவு குளிராததற்கும் இதுதான் விளக்கம்.

ஆனால் அதே தெளிந்த வானம் பகலில் இலவச ஹீட்டர். உதகை ஏறத்தாழ 11.4 டிகிரி வடக்கில் இருப்பதால், டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் தென்வானில் 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்கு ஜன்னல் வழியே வெயில் அறைக்குள் வந்து விழும். வடக்கு ஜன்னலுக்கு இந்த மாதங்களில் நேர் வெயிலே கிடையாது. உங்கள் அப்பாவின் அறை வடக்கே இருந்தால், மார்ச் வரையிலாவது தெற்கு அல்லது மேற்கு அறைக்கு அவரை மாற்றுங்கள். நான் ராக்வூலைப் பற்றி எழுதியதைவிட இதை முதலில் எழுதியிருக்கலாம்; காசில்லாத யோசனை என்பதால் பின்னுக்குப் போய்விட்டது.

டிசம்பர் 19

மின்கட்டணம். 2000 வாட் ஹீட்டர் நாளுக்கு 6 மணி நேரம் என்றால் 12 யூனிட்; இரண்டு மாதக் கணக்கில் 720 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது உங்களுக்குத் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் சேர்ந்து உயர்கிறது என்பதைச் சமவெளியில் ஏசி வைத்திருப்பவர்கள் அறிவார்கள், இங்கே குளிர்காலப் பட்டியலைப் பார்த்த பிறகே பலர் அறிகிறார்கள். 800 வாட் இழப்பு உள்ள அறையில் அதே ஆறு மணி நேரம் 288 யூனிட்டில் முடியும்.

ஆயில் ஹீட்டர் சிக்கனம், விசிறி ஹீட்டர் வீண் என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு யூனிட் மின்சாரம் எதில் போனாலும் ஒரு யூனிட் வெப்பம்தான். வேறுபாடு அது வந்து சேரும் விதத்தில். விசிறி ஹீட்டர் காற்றைச் சூடாக்கும், உடனே தெரியும், உடனே போகும். சிவந்து எரியும் ஹாலஜன் வகை எதிரே உட்கார்ந்திருப்பவரை நேராகச் சூடாக்கும்; காற்று கசியும் அறைக்கு இதுவே மேல், ஆனால் போர்வை, திரை பக்கத்தில் இருக்கக் கூடாது. ஆயில் ஹீட்டர் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், சத்தம் இல்லை, உறங்கும் அறைக்கு ஏற்றது. கணக்கை உண்மையிலேயே மாற்றுவது சூடும் குளிரும் தரும் இன்வெர்ட்டர் ஏசி மட்டுமே. அது வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இறைப்பதால் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் தரும். உதகையின் குளிர் அதற்குப் பொருட்டே அல்ல. பனி ஈரத்தில் வெளிப்பெட்டி உறைந்து, அவ்வப்போது சில நிமிடம் நின்று உருக்கிக்கொள்ளும். பழுது என்று பயப்பட வேண்டாம். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையாளர் சம்மதிப்பாரா என்பதுதான் கேள்வி.

டிசம்பர் 27

"எத்தனை டிகிரி இருந்தால் போதும்?" உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குளிர்ப் பகுதி வீடுகளுக்குள் 18 டிகிரியைப் பாதுகாப்பான அளவாகச் சொல்கிறது, முதியவருக்கும் குழந்தைக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படலாம். நம் மலையில் பல வீடுகள் டிசம்பர் இரவுகளில் 12, 13 டிகிரியில்தான் உறங்குகின்றன. ஒரு சாதாரண அறை வெப்பமானியை வாங்கிக் கட்டில் உயரத்தில், வெளிச்சுவரில் படாமல் மாட்டுங்கள். "எனக்குக் குளிரவில்லை" என்று பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் மின்கட்டணத்தை எண்ணித்தான். வயது ஏற ஏறக் குளிரை உணரும் திறனும் மங்குகிறது.

அறை முழுவதையும் 18-க்குக் கொண்டுவர முடியாத இரவில், படுக்கையைச் சூடாக்குங்கள். மின்போர்வை 100 வாட்டுக்கும் குறைவாகவே எடுக்கும். படுப்பதற்கு அரைமணி முன்பு போட்டுவிட்டு, படுத்ததும் அணைத்துவிடலாம். கைக்குழந்தைக்கும், தானாக அணைக்க இயலாதவருக்கும் அது வேண்டாம். வெந்நீர்ப் பையைத் துணியுறைக்குள் போட்டுக் கால்மாட்டில் வையுங்கள். கட்டிலை வெளிச்சுவரிலிருந்து ஓரடி நகர்த்துங்கள். குளிர்ந்த சுவர் பக்கத்தில் இருந்தால், காற்று சூடாக இருந்தாலும் உடல் அந்தப் பக்கம் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். கோயம்புத்தூரிலிருந்து கொசுவலைச் சட்டம் கொண்டுவந்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள். உதகைக் குளிரில் கொசுவைத் தடுக்கும் வேலை அதற்கு இல்லை, ஆனால் அதன் மேலேயும் பக்கங்களிலும் பழைய பருத்திப் போர்வைகளைத் தொங்கவிட்டு, ஒரு பக்கம் திறந்து வைத்தால் அறைக்குள் ஒரு சிறிய அறை கிடைக்கும். ஹீட்டரை மட்டும் அதற்கு வெளியே, தள்ளி வையுங்கள்.

ஜனவரி 4

விறகு பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. கற்பூர மரம் (யூகலிப்டஸ்) 1840களில் இந்த மலைக்குக் கொண்டுவரப்பட்டதே விறகுக்காகத்தான், சோலைகளை வெட்டித் தீர்த்துக்கொண்டிருந்த காலம் அது. சீகை (வாட்டில் மரம்) விறகும் நன்றாக எரியும். ஆனால் இரண்டுமே பிளந்து, மழை படாத, காற்றுப் புகும் கொட்டகையில் மாதக்கணக்கில் காய்ந்திருக்க வேண்டும். ஈர விறகின் வெப்பத்தில் ஒரு பங்கு அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது, மிச்சம் புகையாகிறது. கணப்பு உள்ள வீட்டில் இருப்பவர்கள், காஷ்மீரில் புகாரி என்று சொல்லும், புகைக்குழாய் கூரைக்கு வெளியே போகும் மூடிய இரும்பு அடுப்பை அதே புகைபோக்கியில் இணைத்துக்கொள்வது பற்றி யோசிக்கலாம். எதை எரித்தாலும் அறையில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கட்டும். அலாரத்தை நம்பிக் கரி அடுப்பை உள்ளே கொண்டுவரலாமா என்று கேட்டவருக்கு: கூடாது.

ஜனவரி 11

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் எழுதியிருக்கிறார்: சீலிங் வேலை தொடங்கிவிட்டது, தச்சர் ராக்வூலுக்குப் பதில் தெர்மாகோல் போடலாம், பாதி விலை என்கிறார், ராக்வூல் வாங்கினால் அதன் வெள்ளித்தாள் பக்கம் கூரையைப் பார்த்து மேலே இருக்க வேண்டும் என்கிறார்.

தெர்மாகோல் குளிரைத் தடுக்கும், ஆனால் எளிதில் தீப்பிடித்து நச்சுப்புகை விடும். பழைய மின்வயர்கள் ஓடும் கூரைக்கடியில் அதை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். ராக்வூல் எரியாது. பரப்புபவர் கையுறையும் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அணியட்டும், அதன் இழை தோலில் அரிக்கும்.

வெள்ளித்தாள் அறையைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்க வேண்டும், ராக்வூல் அதன் மேல். அறையின் ஈரக்காற்று மேலே ஏறிக் குளிர்ந்த இடத்தை அடைவதற்கு முன் அந்தத் தாள் அதைத் தடுக்கும். மேல்நோக்கி வைத்தால் ஈரம் பஞ்சுக்குள் புகுந்து, மேலே போக வழியின்றித் தாளின் அடியில் நீராகி, ஒரே மழைக்காலத்தில் எல்லாவற்றையும் நனைத்துவிடும். தாளின் இணைப்புகளை நாடா ஒட்டி மூடுங்கள். தகரத்துக்கும் ராக்வூலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியும், அங்கே காற்று வந்துபோக இரு முனைகளிலும் எலி நுழையாத கம்பிவலை போட்ட திறப்பும் விடச் சொல்லுங்கள். தகரத்தின் அடியில் கோக்கும் நீர் உலர அதுதான் வழி.

ஜனவரி 11, மாலை

உரிமையாளர் பாதிச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறாராம். தச்சருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் அதை எழுதி வாங்கிவிடுங்கள்.